மெடிக்கல் காலேஜ் சிலபஸ் மாறினா, தறி நெய்யறவருக்கு என்ன லாபம்?

நம்ம காலேஜ்ல "ரெகுலேஷன் மாறிடுச்சு"ன்னு சொன்னா முதல்ல வர்ற கேள்வி என்ன? "அப்போ சீனியர் நோட்ஸ் வேலைக்கு ஆகாதா?" அதுக்கு மேல பெரும்பாலும் யாரும் யோசிக்கிறதில்ல. ஆனா ஒரு பாடத்திட்டத்தை மாத்தும்போது, அடுத்த முப்பது வருஷத்துக்கு ஒரு தொழிலைச் செய்யப்போறவங்க எப்படி வேலை பார்க்கணும்னு இப்பவே முடிவு பண்றாங்க. நம்ம விஷயத்துல அது ஒரு பாலமோ, சாஃப்ட்வேரோ. டாக்டர் விஷயத்துல அது நம்ம உடம்பு.

2019-ல் இந்தியா முழுக்க எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. 1997-ல் வந்த விதிமுறைகளுக்கு அப்புறம், 22 வருஷம் கழிச்சு நடந்த பெரிய மாற்றம். இதுக்குப் பேர் திறன் சார்ந்த மருத்துவக் கல்வி. சுருக்கமா சி.பி.எம்.இ. மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் தினமும் இதோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. நம்ம பசங்கள்ல நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. என்ன மாறியது, எதுக்காக மாறியது, நிஜமாவே மாறுமா? மூணையும் பார்ப்போம்.

முதல்ல ஒரு இடுப்பு வலி

காஞ்சிபுரத்துல இருக்கோம், உதாரணமும் இங்கிருந்தே எடுத்துக்குவோம். பிள்ளையார்பாளையத்துல ஐம்பது வயசு நெசவாளர் ஒருத்தர்னு வெச்சுக்குங்க. குழித்தறி. தரை மட்டத்துல உட்கார்ந்து, காலைக் குழிக்குள்ள விட்டு, மிதியை மாத்தி மாத்தி மிதிக்கணும். குனிஞ்ச முதுகோட நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடணும். நாள் முழுக்க இதே வேலை, அதுவும் பல வருஷமா. அவருக்கு மூணு மாசமா இடுப்பு வலி. ஒரு இளம் டாக்டர்கிட்ட வர்றார்.

அந்த டாக்டருக்கு எதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?

முதலாவது, முதுகெலும்போட அமைப்பு. எந்த எலும்பு, எந்த டிஸ்க், எந்த நரம்பு. ரெண்டாவது, வலிக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்னு ஒரு பட்டியல். வெறும் தசைப்பிடிப்பா? டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதா? முதுகெலும்புல காசநோயா? அதனால ஜுரம் வருதா, எடை குறையுதா, கால் மரத்துப்போகுதா, சிறுநீர் போறதுல சிக்கல் இருக்கான்னு கேட்கணும். மூணாவது, கையால பரிசோதிக்கத் தெரியணும். படுக்க வெச்சு காலை நேரா தூக்கிப் பார்க்கறது, சுத்தியலால தட்டிப் பார்க்கறது எல்லாம். நாலாவது, இதுதான் கஷ்டம், அவர்கிட்ட பேசத் தெரியணும். "ஒரு மாசம் வேலைக்குப் போகாம ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றது சுலபம். புடவைக் கணக்குல கூலி வாங்கறவருக்கு அது ஒரு மாச வருமானம் போச்சுன்னு அர்த்தம். அவர் தலையாட்டிட்டுப் போய் மறுநாள் காலையில தறியில உட்கார்ந்துடுவார். வைத்தியம் அங்கேயே தோத்துப்போச்சு.

இந்த நாலுல பழைய பாடத்திட்டம் முதல் ரெண்டையும் நல்லா சொல்லிக்கொடுத்தது. மூணாவது, மாணவருக்குக் கிடைச்ச வார்டையும் வாத்தியாரையும் பொறுத்தது. நாலாவது எந்த சப்ஜெக்ட்டுக்கும் சொந்தமில்ல. தானா வரும்னு விட்டுட்டாங்க.

இன்னொரு விஷயம். இந்த நெசவாளர் கதையே "நீங்க என்ன வேலை பண்றீங்க?"ன்னு டாக்டர் கேட்டாத்தான் வெளிய வரும். இத்தாலியில பெர்னார்டினோ ரமாஸினின்னு ஒரு மருத்துவப் பேராசிரியர் 1700-ல் தொழிலாளர்களோட நோய்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகள்ல இந்தக் கேள்வியையும் சேர்க்கணும்னு சொன்னவர் அவர்தான். நெசவாளர்களைப் பத்தியும் அதுல எழுதியிருக்கார். முந்நூறு வருஷம் தாண்டியும், அவசர அவசரமா நடக்கற ஓ.பி.யில் முதல்ல விட்டுப்போற கேள்வி இதுவாத்தான் இருக்கும்.

பழைய திட்டம் எப்படி இருந்தது

எம்.பி.பி.எஸ். மொத்தம் நாலரை வருஷ படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். பழைய முறையில முதல் வருஷம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். அடுத்தது நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல், தடயவியல். கடைசியிலதான் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் எல்லாம். முதல்ல அறிவியல், அப்புறம் ஆஸ்பத்திரி. இந்த வரிசைக்கு வலுவான அடித்தளம் போட்டது 1910-ல் அமெரிக்காவுல வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை. ஆய்வகமே இல்லாம, காசுக்குப் பட்டம் கொடுத்துட்டிருந்த காலேஜ்களை மூட வெச்ச அறிக்கை அது. அந்தக் காலத்துக்கு அது ரொம்பத் தேவையான மருந்து.

பக்கவிளைவு என்னன்னா, டாக்டர் ஆகணும்னு வந்த பையன் முதல் வருஷம் முழுக்கப் பார்க்கற ஒரே 'நோயாளி' டிசெக்‌ஷன் ஹால் சடலம்தான். நிஜ நோயாளி முன்னால நிக்கும்போது முதல் வருஷம் படிச்சது பாதி மறந்துபோயிருக்கும். நமக்கு இது புரியாம இருக்காது. முதல் செமஸ்டர் மேட்ரிக்ஸ் எதுக்குப் படிச்சோம்னு ஏழாவது செமஸ்டர்ல தெரியும்போது, திரும்ப யூடியூப்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கறோம் இல்லையா, அதே கதை.

ஒரு காலேஜ் நல்லா இருக்கான்னு பார்க்கற விதமும் எண்ணிக்கைதான். எத்தனை படுக்கை, எத்தனை பேராசிரியர், எத்தனை மணி நேர வகுப்பு. இப்படி எண்ணறது நம்ம ஊர்ப் பக்கம் ரொம்பப் பழைய வழக்கம். வாலாஜாபாத் பக்கத்துல திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில்ல 11-ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வேதம் படிக்கற மாணவர்களுக்குக் கல்விச்சாலை, விடுதி, கூடவே வீரசோழன்ங்கற பேர்ல ஒரு ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. 15 படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்யறவர் ஒருத்தர், செவிலியர் ரெண்டு பேர், இருப்புல இருக்கற மருந்துகளோட பேர்னு எல்லாம் கல்லுல வெட்டியிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இவ்வளவு கணக்கா வெச்சிருந்தது பெரிய விஷயம்தான். ஆனா படுக்கையை எண்ணலாம். அந்தப் படுக்கை ஓரமா நிக்கற மாணவருக்கு என்ன செய்யத் தெரியும்ங்கறதை எப்படி எண்ணறது? 2019 மாற்றம் கையில எடுத்த கேள்வி இதுதான்.

2019-ல் என்ன மாறியது

அப்போ இருந்த இந்திய மருத்துவ கவுன்சில் 2018-ல் மூணு தொகுதியா ஒரு ஆவணம் போட்டது. (2020 செப்டம்பர்ல இருந்து கவுன்சில் இடத்துல தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்.எம்.சி.) அதுல பாடங்களோட பட்டியலுக்குப் பதிலா திறன்களோட பட்டியல் இருந்தது. எல்லா சப்ஜெக்ட்டும் சேர்த்து 2,900-க்கும் மேல. "இந்த அத்தியாயத்தை நடத்து"ன்னு எழுதின இடத்துல "மாணவர் இதைச் செய்ய முடியணும்"னு எழுதினாங்க.

ஒவ்வொரு திறனுக்கும் ஒரு படி உண்டு. தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவேன், தனியா செய்வேன். ஜார்ஜ் மில்லர்ங்கற அமெரிக்கக் கல்வியாளர் 1990-ல் வரைஞ்ச பிரமிடு இதுக்கு அடிப்படை. நம்ம கேள்வித்தாள்ல ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்துலயும் சி.ஓ.1, சி.ஓ.2-ன்னு போட்டிருக்கே, அதுக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன். 2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்துல முழு உறுப்பினர் ஆன பிறகு நமக்கு வந்த சமாச்சாரம், வேற பேர்ல அவங்களுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு வந்தது.

பட்டியலைத் தாண்டி, நடைமுறையில வந்த முக்கிய மாற்றங்கள்:

• அடித்தளப் பயிற்சி. சேர்ந்த உடனே பாடம் கிடையாது. முதல்ல முதலுதவி, உயிர்காக்கும் அடிப்படை சிகிச்சை, ஆரம்ப சுகாதார நிலையத்தைப் போய்ப் பார்க்கறது, கூடவே உள்ளூர் மொழி. வெளிமாநிலத்துல இருந்து வந்து இங்க படிக்கற ஒருத்தருக்கு "குத்துது", "குடையுது", "இழுக்குது", "மரமரன்னு இருக்கு" இந்த நாலும் வேற வேற வலின்னு தெரியலைன்னா, எந்த ஸ்கேனும் முழுசா உதவாது.

• முதல் வருஷமே நோயாளி. முதுகெலும்பு பாடம் நடக்கற வாரத்துலயே முதுகு வலியோட வந்தவரைப் பார்க்கறது.

• ஒருங்கிணைப்பு. ஒரே உறுப்பைப் பத்தி நாலு டிபார்ட்மெண்ட் நாலு வருஷத்துல தனித்தனியா நடத்தாம, முடிஞ்ச அளவு சேர்த்து நடத்தறது.

• ஏட்காம். மனப்பான்மை, அறநெறி, பேச்சுத்தொடர்பு மூணும் சேர்ந்த பாடம். கெட்ட செய்தியை எப்படிச் சொல்றது, சம்மதம் எப்படி வாங்கறது, தப்பு நடந்தா எப்படி ஒத்துக்கறது. நான் மேல சொன்ன நாலாவது விஷயத்துக்கு முதல் தடவையா டைம்டேபிள்ல ஒரு பீரியட் கிடைச்சது.

• குடும்பத்தைத் தத்தெடுப்பது. 2021-22 பேட்ச்ல இருந்து ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராமத்துல சில குடும்பங்களைப் படிப்பு நெடுகப் பின்தொடரணும். அது ஒரு நெசவாளர் வீடா இருந்தா, இடுப்பு வலிக்கும் தறிக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் லெக்சர் எடுக்கவே வேண்டாம்.

ஒருங்கிணைப்புன்னா என்னன்னு காஞ்சிபுரத்துக்காரங்களுக்குப் புரிய வைக்கறது சுலபம். கோர்வைப் புடவையில உடல் ஒரு கலர், பார்டர் வேற கலர். ரெண்டுக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு இழையிலயும் ரெண்டு ஊடையையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே வரணும். அதுக்குத் தறியில இன்னொரு ஆள் வேணும், நேரமும் கூடுதலாப் பிடிக்கும். ஆனா அந்தச் சேர்ப்புதான் கிழியாம நிக்கும். அடிப்படை அறிவியலையும் நோயாளியையும் ஒவ்வொரு வாரமும் கோக்கறதுக்கும் இதே செலவு ஆகும். ரெண்டு டிபார்ட்மெண்ட் வாத்தியார்கள் ஒண்ணா உட்கார்ந்து திட்டம் போடணும். ஆள் இல்லாத காலேஜ்ல அது பேப்பர்ல மட்டும்தான் நடக்கும்.

பேப்பர் மாறினா போதாதுன்னு சொல்லும் வேலூர்

பேப்பர் மாற்றத்துக்கு என்ன விலைங்கறதுக்குப் பக்கத்து ஊர்லயே கதை இருக்கு. 1918-ல் ஐடா ஸ்கடர் வேலூர்ல பெண்களுக்குன்னு ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சார். அங்க கொடுத்தது எல்.எம்.பி., அதாவது பட்டத்துக்குக் கீழ இருந்த உரிமப் படிப்பு. 1930-களோட கடைசியில மதராஸ் அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, இனிமே பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். மட்டும்தான்னு முடிவெடுத்தது. தரத்தை உயர்த்தற நல்ல முடிவுதான். ஆனா வேலூருக்கு அது "உயர்த்து, இல்லன்னா மூடு"ன்னு அர்த்தம். படுக்கைகள் கூட்டணும், ஆய்வகம் வேணும், மேற்படிப்பு முடிச்ச பேராசிரியர்கள் வேணும். எழுபது வயசு தாண்டின ஐடா அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊரா நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு ஆரம்பிச்சது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தாங்க. இன்னைக்கு நாம சி.எம்.சி.ன்னு சொல்ற காலேஜ் அதுதான்.

1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கையும் டாக்டர்னா ஒரே தகுதி, எம்.பி.பி.எஸ். போதும்னு சொன்னது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் முதல்வரா இருந்த ஆ.லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவுல ஒரு உறுப்பினர். சமூகத்தைப் புரிஞ்சுக்கிட்ட டாக்டரை உருவாக்கணும்னு அந்த அறிக்கை அப்பவே எழுதியிருக்கு. ஆனா உரிமப் படிப்பை நிறுத்தினா கிராமத்துக்கு யார் போவாங்கன்னு குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. கேள்வி நியாயமானது. தரமும் வேணும், டாக்டர் ஊருக்கும் வரணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இழுபறி இன்னும் முடியல. நம்ம மாவட்டத்தையே எடுத்துக்குங்க. 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரிஞ்சப்போ, அங்க இருந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அவங்க பக்கம் போயிடுச்சு.

ஒரு வார்த்தை தப்பா இருந்தா

சிலபஸ்ல ஒரு வரி என்ன பெரிசா பண்ணிடும்னு தோணுதா? இதைப் பாருங்க.

2018 செப்டம்பர்லயே, வயது வந்த ரெண்டு பேர் விருப்பப்பட்டு வெச்சுக்கற தன்பாலின உறவு குற்றமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா மருத்துவப் பாடப்புத்தகங்கள்ல அது நோயாகவும் குற்றமாகவும் எழுதியிருந்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துல ரெண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு வந்த வழக்குல நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதைக் கையில எடுத்தார். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால, தனக்கே இதுல தெளிவு வேணும்னு ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். அந்த வழக்கோட விளைவா, அதே வருஷம் அக்டோபர்ல, இப்படிப்பட்ட இழிவான பகுதிகளைத் தவிர்க்கச் சொல்லி என்.எம்.சி. காலேஜ்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

முடிஞ்சதுன்னு நினைச்சா, 2024 ஆகஸ்ட் கடைசியில வந்த புது சி.பி.எம்.இ. வழிகாட்டுதல்ல, தடயவியல் பகுதியில, தன்பாலின உறவு மறுபடியும் இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள் வரிசையில வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பு கிளம்பினதும் செப்டம்பர் 5-ஆம் தேதி வாபஸ் வாங்கினாங்க. 12-ஆம் தேதி திருத்தின ஆவணம் வந்தது.

அந்த வரியைப் படிச்சுட்டு வர்ற டாக்டர் முன்னால, காய்ச்சலுக்கோ மனஅழுத்தத்துக்கோ ஒரு தன்பாலின ஈர்ப்பாளர் போய் உட்கார்ந்தா, உண்மையைச் சொல்ல வாய் வருமா? ஏட்காம் வகுப்புல "நோயாளியை மதிக்கணும்"னு சொல்லிட்டு, அடுத்த பீரியட்ல அதே நோயாளியைக் குற்றவாளி லிஸ்ட்ல வெச்சா, மாணவர் எதை எடுத்துக்குவார்?

எல்லாம் சரி, எக்ஸாம்ல என்ன கேட்பாங்க?

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மை ஒண்ணு. எக்ஸாம்ல எது வருதோ அதுதான் சிலபஸ். மீதி எல்லாம் நல்லெண்ணம்.

திறனைச் சோதிக்க வழி இல்லாம இல்ல. 1975-ல் ஸ்காட்லாந்து டண்டீயில ரொனால்ட் ஹார்டன் ஆஸ்கின்னு ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். வரிசையா மேசைகள். ஒவ்வொண்ணுலயும் சில நிமிஷம், ஒரு வேலை. ஒரு மேசையில ரத்த அழுத்தம் பார்க்கணும். இன்னொண்ணுல எக்ஸ்ரே படிக்கணும். இன்னொண்ணுல நோயாளியா நடிக்கறவர்கிட்ட வலியைப் பத்திக் கேட்கணும். மணி அடிச்சா அடுத்த மேசை. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே மார்க் பட்டியல். வைவாவுல எக்ஸ்டர்னல் மூடைப் பொறுத்து மார்க் வர்ற கதை இதுல குறையும். "என்ன வேலை பண்றீங்க?"ன்னு கேட்டதுக்கு ஒரு மார்க்னு அந்தப் பட்டியல்ல இருந்தா, எல்லாரும் கேட்பாங்க. பழக்கம் அப்படித்தான் வரும்.

ஆனா எம்.பி.பி.எஸ். முடிச்ச உடனே முன்னால நிக்கறது நீட் பி.ஜி. 200 கேள்வி, சரியான விடையை டிக் பண்ணணும். நெசவாளர்கிட்ட பொறுமையா பேசினதுக்கு அங்க மார்க் கிடையாது. அதனால நிறைய மாணவர்கள் சீக்கிரமே கோச்சிங் வீடியோவுக்குப் போயிடறாங்க. என்னோட ஸ்கூல் தோழி ஒருத்தி மெடிக்கல் படிக்கறா. "வார்டுல நிக்கற நேரத்துல நூறு கேள்வி போட்டிருக்கலாமேன்னு மனசு அடிச்சுக்கும்டா"ன்னு சொன்னா. அவளைக் குறை சொல்ல முடியல. கேட் எக்ஸாமுக்காக ப்ராஜெக்ட்டை ஒப்பேத்தின நம்ம யாருக்கும் அந்தத் தகுதி கிடையாது. கடைசி வருஷத் தேர்வு, உரிமம், பி.ஜி. சேர்க்கை மூணையும் ஒண்ணாக்கி நெக்ஸ்ட்னு ஒரு தேர்வு வைக்கணும்னு 2019 சட்டத்துலயே இருக்கு. 2023-ல் அதைத் தள்ளிவெச்சாங்க.

இன்னொரு ஆபத்து லாக்புக். செஞ்ச திறனை எல்லாம் எழுதி வாத்தியார்கிட்ட கையெழுத்து வாங்கணும். நம்ம ரெக்கார்ட் நோட்டுக்கு என்ன கதின்னு உங்களுக்கே தெரியும். 2,900 திறன், நூத்தம்பது இருநூறு மாணவர்கள், கொஞ்சம் வாத்தியார்கள்னா, கடைசி வாரத்துல மொத்தமா கையெழுத்து போடறதுதான் நடக்கும். அப்போ "தனியா செய்வேன்"ங்கற படி நோட்டுல மட்டும் இருக்கும்.

என் கருத்து இதுதான். 2019 பாடத்திட்டம் சரியான கேள்வியைக் கேட்குது. அதை இன்னும் நூறு திறன் சேர்த்து நவீனமாக்க முடியாது. பட்டியலைக் குறைச்சு, உண்மையிலேயே சோதிக்கக்கூடிய திறன்களுக்குத் தேர்வுல இடம் கொடுத்து, பக்கத்துல நின்னு பார்க்க வாத்தியார்களைப் போட்டா மட்டும்தான் அது மாணவரோட கைக்கு வரும். வேலூர் 1942-ல் கட்டின விலை அதுதான், நோட்டுக்குப் பதிலா ஆளும் படுக்கையும்.

உங்களுக்கு மெடிக்கல் படிக்கற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. முதல் வருஷத்துல எத்தனை நோயாளிகள்கிட்ட பேசினே? உன் லாக்புக்ல கையெழுத்துப் போட்டவர், நீ அதைச் செஞ்சதைப் பார்த்தாரா? தத்தெடுத்த குடும்பத்துல சம்பாதிக்கறவர் என்ன வேலை பண்றார்? மூணாவது கேள்விக்கு யோசிக்காம பதில் வந்தா, பாடத்திட்டம் கொஞ்சமாவது வேலை செய்யுதுன்னு நம்பலாம்.